எதிரேறும் பாய்

மதுரைக்காரர்களுக்குக் காற்றைப் பற்றித் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் இருக்க, அமைச்சரே முன்னால் நின்று தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் காற்று அத்தனையையும் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. தேசமே சிரித்தது, நாங்களும் சேர்ந்து சிரித்தோம். மிதக்கிற பொருள் காற்றின் போக்கில் போகாமல் இருக்க அதற்கு அடியில் ஒரு பலகையும் பின்னால் ஒரு சுக்கானும் வேண்டும் என்பது எனக்கு எட்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கோவாவில், மாண்டவி ஆற்றில், முழங்கால் சிராய்ப்போடு.

நாங்கள் ஐந்து பேர். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலை நடைக்கு வருகிறவர்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், எங்கள் எல்லாருக்கும் டீச்சரக்கா, வயது 61. என் அண்ணன் மனைவி, ஆகவே எனக்கு மதினி, நாளடைவில் மற்றவர்களுக்கும் மதினி. தேவிபட்டினத்தில் பிறந்து மதுரைக்கு வாக்கப்பட்டு வந்த ஒருத்தி; அவளை ஊர்ப் பெயராலேயே தேவிபட்டினம் என்று கூப்பிடுவோம், அவளும் திரும்பிப் பார்ப்பாள். தனியார் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து நேராக நடைக்கு வரும் நர்ஸ் தங்கச்சி. அப்புறம் நான்.

திருமலை நாயக்கர் மகால் கட்ட மண்ணெடுத்த பள்ளம்தான் இந்தத் தெப்பக்குளம் என்பது ஊர்க்கதை. நான் சிறுமியாக இருந்தபோது பெரும்பாலும் வறண்டு கிடக்கும். மைய மண்டபத்தைச் சுற்றிப் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது சில வருஷமாக, பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிற்கிறது. தண்ணீர் நிற்கிற குளத்தைச் சுற்றி நடக்கும்போது பேச்சும் தண்ணீர் பக்கம் போவது இயல்புதான். 2024 அக்டோபரில் ஒரு காலை நர்ஸ் தங்கச்சி போனில் ஒரு செய்தியைக் காட்டினாள். கடற்படை அதிகாரிகள் இரண்டு பெண்கள், தில்னா, ரூபா, ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வர அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பியிருக்கிறார்கள். தில்னா கோழிக்கோட்டுக்காரர். ரூபா புதுச்சேரி.

“புதுச்சேரிப் பொண்ணு உலகத்தையே சுத்தப் போகுது. நாம அஞ்சு வருஷமா இந்தக் குளத்தையே சுத்திக்கிட்டிருக்கோம்” என்றார் டீச்சரக்கா.

அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போனோம். ஆனால் அந்தப் பேச்சு அடங்கவில்லை. எங்கே கற்றுத்தருகிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். சென்னைத் துறைமுகத்தில் 1911-லிருந்து ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில் பள்ளிச் சிறுமியாகச் சேர்ந்தவர்தான் நேத்ரா குமணன்; டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, பாய்மரப் படகுப் போட்டியில் அப்படித் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டீச்சரக்கா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“கடலுன்னா நான் வரலை. ஆறுன்னா வாரேன்.”

அவர் மனதில் இருந்த ஆறு வைகை. சித்திரையில் அழகர் இறங்குவதற்காக அணையைத் திறந்துவிட்டாலும் முழங்காலைத் தாண்டாத ஆறு. அந்த நம்பிக்கையைக் கெடுக்க வேண்டாம் என்று நானும் மாண்டவியின் ஆழத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பெண்களை மட்டும் சேர்த்து ஐந்து நாள் பயிற்சி தரும் ஒரு சிறு பள்ளி அங்கே கிடைத்தது. தாரிணி கிளம்பிய அதே ஆறு. பொங்கல் கழிந்து, தைப்பூசத் தெப்பத்துக்குள் திரும்பிவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

*

மதுரையிலிருந்து தூத்துக்குடி–மைசூர் வண்டியில் பெங்களூரு. அங்கிருந்து வாஸ்கோ போகும் வண்டி. வழியில் நடந்ததில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். லோண்டா தாண்டி கேஸில் ராக் என்ற சின்ன ஸ்டேஷன் வருகிறது. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் இந்தியா முடிந்து போர்ச்சுகீசியர் எல்லை தொடங்கிய இடம். இந்த மலைத்தொடரில் கிழக்கே சரியும் பக்கத்தில் விழும் மழை மலப்பிரபா வழியாகக் கிருஷ்ணாவில் சேர்ந்து வங்கக் கடலுக்குப் போகிறது. மேற்கே விழுவது தூத்சாகர் அருவியாகக் கொட்டி, மாண்டவியில் கலந்து அரபிக் கடலுக்குப் போகிறது. ஒரே மேகம்தான், எந்தச் சரிவில் இறங்கினோம் என்பதில் இருக்கிறது அதன் தலையெழுத்து. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதை மதினிக்கு விளக்கினேன். மதினிக்கு அருவியில் தண்ணீர் குறைவாக இருந்ததுதான் கவலை. “இதுக்குக் குத்தாலமே தேவலை” என்றார்.

பணஜியில் ஆற்றங்கரைக்குப் போய் நின்றபோது டீச்சரக்கா பேசவில்லை. எதிர்க்கரை அவ்வளவு தூரத்தில் இருந்தது. நடுவில் அடுக்கு மாளிகை மாதிரி கேசினோ கப்பல்கள், தலைக்கு மேலே கம்பிகளில் தொங்குகிற அடல் சேது பாலம், வயிறு தண்ணீரைத் தொட மெதுவாக ஊரும் இரும்புத்தாதுப் படகு. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு டீச்சரக்கா கேட்டார்: “தண்ணி ஏன் தப்பான பக்கம் போகுது?”

உண்மைதான். கடல் மேற்கே இருக்கிறது. தண்ணீரோ கிழக்கே, மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கடல் ஏற்றத்தின்போது உப்புத்தண்ணீர் ஆற்றுக்குள் பல மைல் ஏறிவரும், ஆறு மணி நேரம் கழித்து இறங்கும் என்று எங்களுக்குப் பாடம் சொல்ல வந்த பெண் விளக்கினார். கோவாக்காரர், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும்; எங்களுக்கு அவர் பள்ளிக்காரர். இங்கிலீஷும் இந்தியும் கலந்து பேசுவார். புரியாத இடங்களில் நர்ஸ் தங்கச்சி மொழிபெயர்ப்பாள். ஆறு என்றால் ஒரே பக்கம் ஓடும், அல்லது ஓடாது என்று மட்டுமே பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது பெரிய அதிசயம். வைகையில் எதிரேறியதாக நமக்குத் தெரிந்தது திருஞானசம்பந்தர் விட்ட ஏடு ஒன்றுதான். அது கரை சேர்ந்த இடம் என்று சோழவந்தான் பக்கத்தில் திருவேடகத்தில் கோயிலே கட்டிவைத்திருக்கிறோம். இங்கே ஆறே தினம் இரண்டு தடவை எதிரேறுகிறது, யாரும் கும்பிடவில்லை.

*

படகு நான் நினைத்ததைவிடச் சின்னது. ஃபைபர் உடம்பு, ஒற்றை மரம், இரண்டு பாய். மூன்று பேர் உட்காரலாம். பள்ளிக்காரர் எங்களை இரண்டு படகாகப் பிரித்தார். சேலை கட்டி வந்திருந்த மதினியைப் பார்த்து அவர் எதுவும் சொல்லாமல் ஒரு ஜோடி கால்சட்டையை எடுத்து நீட்டினார். மதினி அதை வாங்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டு, சேலையை மடிசார் மாதிரி ஏற்றிச் செருகி லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் கால்சட்டைக்கு மாறிவிட்டார். அதற்குப் பிறகு சேலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

முதல் தகராறு வலம் இடத்தில் வந்தது. அவசரத்தில் எங்கள் வாயில் வருவது “இங்கிட்டு”, “அங்கிட்டு” இரண்டும்தான். படகில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு மதுரைக்காரிகளில் ஒருத்தியின் இங்கிட்டு அடுத்தவளுக்கு அங்கிட்டு. பள்ளிக்காரர் போர்ட், ஸ்டார்போர்ட் என்று சொல்லிக்கொடுத்தார்: அணியத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, உலகம் முழுக்க அந்த நிறத்தில்தான் விளக்கு. உடனே நாங்கள் இடக்கையில் சிவப்புக் கயிறும் வலக்கையில் பச்சைக் கயிறும் கட்டிக்கொண்டோம். படகில் யாரும் முன்னால் பார்த்து உட்காருவதில்லை, பக்கவாட்டில்தான் உட்காருகிறோம், ஆகவே கையில் கட்டிய கயிறு பொய் சொல்லும் என்பது ஒரு முட்டுக்குப் பிறகு புரிந்தது. கடைசியில் மதினி பையிலிருந்து இரண்டு சுங்குடித் துண்டுகளை எடுத்துப் படகின் இரு பக்கமும் கட்டினார். சிவப்பு இந்தப் பக்கம், பச்சை அந்தப் பக்கம். “சுக்கானைச் சிவப்புக்குத் தள்ளு” என்றால் சண்டை இல்லை. மாண்டவியில் சுங்குடி கட்டி ஓடிய படகு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பாய்ப்படகு எப்படி ஓடுகிறது என்பதில் எனக்கு ஒரு தப்பெண்ணம் இருந்தது. காற்று பின்னாலிருந்து தள்ளும், படகு முன்னால் போகும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அது தெர்மாகோல் ஓட்டம். பக்கத்திலிருந்து வரும் காற்றில்தான் படகுக்கு உயிர் வருகிறது. காற்று பாயைப் பக்கவாட்டில் சாய்க்கப் பார்க்கும். அடியில் இறக்கிவிட்ட நடுப்பலகை தண்ணீரில் ஊன்றிக்கொண்டு நகரமாட்டேன் என்னும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட படகு முன்னால் நழுவுகிறது. ஈரப் புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் எப்படித் தெறிக்கும்? அப்படி. இதே வித்தையால் எதிர்க்காற்றிலும் போக முடிகிறது, நேராக அல்ல. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை விலகி ஓரிழுப்பு ஓடி, அணியத்தைத் திருப்பி, அடுத்த பக்கம் அதே அளவு விலகி இன்னோரிழுப்பு. மாட்டுவண்டி மேடேறும்போது சாலையின் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுவார்களே, அந்த மாதிரி.

இதையெல்லாம் எங்களில் ஒருத்திக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தேவிபட்டினம் உட்கார்ந்தவுடன் பாய்க் கயிற்றைப் பிடித்துப் பார்த்து, “இது தாமான்” என்றாள். மேலே ஆடிய குறுக்குக் கம்பைக் காட்டி, “இது பருமல். தலையைப் பார்த்துக்கங்க” என்றாள். அவளுடைய அப்பா வத்தைக்காரர். பாக் நீரிணையின் ஆழமில்லாத தண்ணீருக்கென்று செய்யப்பட்ட தட்டையடிப் படகு வத்தை. மூன்று மரம் வரை நிறுத்திப் பாய் கட்டுவார்கள். காற்று சாய்க்கும்போது ஆட்கள் குறுக்குப் பலகையில் வெளியே போய் எதிர்ப்பாரமாக உட்காருவார்கள். வெளிநாட்டிலிருந்து கடல் தொல்லியல்காரர்கள் 1990களில் வந்து இதை அளந்து எழுதிப்போனார்கள். பலகையை முதலில் சேர்க்காமல் விலாச்சட்டத்தை முதலில் நிறுத்திக் கட்டும் முறை அவர்களுக்கு முக்கியமாகப் பட்டது. இப்போது அந்தக் கரையில் எஞ்சின் சத்தம்தான் அதிகம்.

“எல்லாம் கரையில நின்னு பாத்ததுதான்” என்றாள் அவள். “கச்சான் எப்ப விழும், வாடை எப்ப எடுக்கும்னு அப்பா சொல்லுவாரு. பாய் தைக்கிறப்ப நானும் ஊசி புடிச்சிருக்கேன். ஆனா வத்தையில ஒரு நாளும் ஏத்தலை. பொம்பள ஏறுனா ஆகாதுன்னுட்டாங்க.”

தைக்கக் கூடிய கை ஓட்டக் கூடாது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்ததைத் தமிழர்கள் நியாயமாகவே கொண்டாடுகிறோம். அதன் மாலுமிகள் அத்தனை பேரும் ஆண்கள். அன்றைக்குச் சாயங்காலம் டீச்சரக்கா இன்னும் பின்னால் போனார். கரிகாலனைப் பாடும்போது, அவன் முன்னோர் ஒருவர் காற்றையே ஏவல் கொண்டு கப்பல் செலுத்தியதாகச் சொல்லும் புறநானூற்று 66-ஆம் பாட்டைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். “கப்பல்ல போனது யாரோ. காத்தை வேலை வாங்கலாம்னு எழுதிவச்சது ஒரு பொம்பள. முப்பது வருஷம் பாடம் நடத்திருக்கேன், இது தோணவே இல்ல பாரு” என்றார்.

*

மூன்றாம் நாள் காலை தாரிணியைப் பார்க்கப் போனோம். இல்லாத படகைப் பார்க்கப் போனோம் என்று சொல்ல வேண்டும். பணஜிக்கு எதிர்க்கரையில் வெரேமில் இருக்கிறது கடற்படையின் ஐஎன்எஸ் மாண்டவி. உள்ளே விடமாட்டார்கள், ஆற்றிலிருந்து தள்ளி நின்று அந்தப் படகுத்துறையைப் பார்க்கலாம். தாரிணி அப்போது பசிபிக் கடலின் தென்கோடியில் இருந்தது. நியூசிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்தைவிட்டு ஜனவரி முதல் வாரத்தில் கிளம்பி ஃபாக்லாந்து தீவுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள், இரண்டே பேர்.

தாரிணி இந்த ஆற்றிலேயே பிறந்தது. பழைய கோவாவிலிருந்து ஃபெரியில் ஏறினால் திவார் தீவு. அங்கே ரத்னாகர் தண்டேகரின் பட்டறை இருக்கிறது. முதலில் ‘மாதேய்’ என்ற படகைக் கட்டினார். மாண்டவிக்கு மலைப்பக்கத்தில் அதுதான் பெயர். அதில்தான் திலீப் தோந்தே 2009-10-இல் தனியாளாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் ஆனார். பிறகு அதே அச்சில் தாரிணி. 2017 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்தது. பெயர் ஒடிசாவின் தாராதாரிணி அம்மனுடையது. கடலோடிகளும் வணிகர்களும் கும்பிட்ட தெய்வம் என்கிறார்கள். கோயில் ருஷிகுல்யா ஆற்றங்கரை மலையில் இருக்கிறது. ஆக, பெயரிலும் ஓர் ஆறு.

அந்தப் படகில்தான் 2017 செப்டம்பர் 10 அன்று ஆறு பெண்கள் கிளம்பினார்கள். கொடியசைத்தவர், சில நாள் முன்புதான் பாதுகாப்பு அமைச்சராகப் பொறுப்பேற்றிருந்த நிர்மலா சீதாராமன், மதுரையில் பிறந்தவர். இதைச் சொன்னதும் மதினிக்கு அந்தப் படகுத்துறை மேல் ஒரு பாத்தியதை வந்துவிட்டது. தலைமை தாங்கியவர் வர்த்திகா ஜோஷி, உத்தராகண்ட்டுக்காரர். பிரதிபா ஜம்வால் இமாச்சலத்தில் குலு. பாயல் குப்தா டேராடூன். விஜயா தேவி மணிப்பூர். ஐஸ்வர்யா போடப்பட்டி ஐதராபாத். கடலோர ஊர் என்றால் ஆறு பேரில் விசாகப்பட்டினத்து சுவாதி ஒருவர்தான். மலையிலும் பீடபூமியிலும் பிறந்தவர்கள் கேப் ஹார்னைச் சுற்றிப் போயிருக்கிறார்கள் என்பது, கடலில்லாத ஊரிலிருந்து வந்திருந்த எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

254 நாள், 21,600 கடல் மைல், அதாவது சுமார் 40,000 கிலோமீட்டர். ஃபிரிமேண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நான்கு துறைமுகங்களில் நிற்பது திட்டம். சுக்கானில் கோளாறு வந்ததால் மொரிஷியஸ் ஐந்தாவதாகச் சேர்ந்தது. 2018 மே 21 அன்று இதே துறைக்குத் திரும்பினார்கள். செய்தியாகப் படித்தபோது இந்த எண்களெல்லாம் என்னைத் தொடவில்லை. இரண்டு நாள் சுக்கான் பிடித்து உள்ளங்கை கன்றிப்போன பிறகு, 254 என்ற எண் வேறு மாதிரி தெரிந்தது. இந்த ஆறு பேரும் கடலுக்குப் போவதற்கு முன் இந்த ஆற்று முகத்தில்தான் போய்ப்போய் வந்திருக்கிறார்கள். பயிற்சி கொடுத்தவர் தோந்தே.

*

அன்றைக்கு மத்தியானம்தான் நாங்கள் வசமாக மாட்டிக்கொண்டது. ஜனவரியில் இங்கே காலையில் காற்று இருக்காது. இருந்தால் நிலத்திலிருந்து மெதுவாக வரும். மத்தியானம் தரை சூடேறியபின் வடமேற்கிலிருந்து கடற்காற்று எடுக்கும். அப்போது கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. பின்னால் காற்று, அடியில் தண்ணீர், இரண்டும் கிழக்கே. டீச்சரக்கா, தேவிபட்டினம், நான், மூவரும் ஒரு படகில். சல்லென்று போனோம். ரிபந்தர் எப்போது வந்தது என்றே தெரியவில்லை. டீச்சரக்கா பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்காரர் துணைக்கு வந்த மோட்டார் படகிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பு என்று சொல்லவில்லை. அது பாடத்தின் ஒரு பகுதி என்று பிறகு தெரிந்தது.

படகைத் திருப்பினோம். அதுவரை இல்லாத காற்று அப்போதுதான் முகத்தில் அறைந்தது. காற்றோடு போகும்போது காற்றே தெரிவதில்லை. நேராகப் பிடித்தால் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு படகு நின்றுவிடுகிறது. தண்ணீரோ பின்னுக்கு இழுக்கிறது. விலகிப் பிடித்தால் கரையை நோக்கி ஓடுகிறது. கரை நெருங்கியதும் திருப்ப வேண்டும். திருப்பும் நேரத்தில் மூவரும் குனிந்து, பருமல் தலைக்கு மேலே போக, எதிர்ப்பக்கம் தாவி உட்கார வேண்டும். டீச்சரக்கா ஒரு தடவை குனிய மறந்தார். சத்தம் கேட்டது. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றார். நெற்றியில் நெல்லிக்காய் அளவு புடைத்தது. நான்கு இழுப்பு ஓடியும் எதிரே தெரிந்த அதே தென்னை மரம் எதிரிலேயே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது தேவிபட்டினம் சுக்கானை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கேட்டு வாங்கவில்லை. கரையோரமாக, கிட்டத்தட்ட சேற்றை ஒட்டிப் படகைக் கொண்டுபோனாள். “நடு ஆத்துல இழுப்பு சாஸ்தி. ஓரத்துல கொறையும்” என்றாள். தண்ணீரின் மேல் கறுப்பாகச் சுருக்கம் விழும் இடத்தைத் தூரத்திலேயே பார்த்து, “அந்தா வருது, புடிச்சுக்கங்க” என்பாள். நாங்கள் வெளியே சாய்வோம். படகு ஒரு முழம் அதிகம் மேலேறும். தென்னை மரம் மெதுவாகப் பின்னுக்குப் போனது. அவள் யாரிடமும் கற்காததை, கரையில் நின்ற இருபது வருஷத்தில் கண் கற்றிருந்தது. போனது இருபது நிமிஷம், வந்தது இரண்டு மணி நேரம். துறையில் பள்ளிக்காரர் அவளிடம் முன்பு எங்கே பயின்றாய் என்று கேட்டார். நர்ஸ் தங்கச்சி மொழிபெயர்த்தாள். தேவிபட்டினம் பதில் சொல்லாமல் தாமானைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

*

இரவு சாப்பாட்டின்போது பள்ளிக்காரர் ஆற்றைப் பற்றிப் பேசினார். எங்களுக்கு மீன் குழம்பும் சிவப்பரிசிச் சோறும் போட்டுவிட்டு, இந்த ஆற்றைத் திருப்பப் பார்க்கிறார்கள் என்றார். மாதேய் கர்நாடகத்தில் பிறக்கிறது. அங்கே கலசா, பண்டூரி ஓடைகளை மலைக்கு அந்தப் பக்கம் மலப்பிரபாவுக்குத் திருப்ப வேண்டும் என்பது கர்நாடகத்தின் நெடுநாள் கோரிக்கை; ஹூப்ளி, தார்வாடுக்குக் குடிநீர். 2018-இல் நடுவர் மன்றம் கர்நாடகத்துக்கு 13.42 டிஎம்சி ஒதுக்கியது. கோவா ஒப்புக்கொள்ளவில்லை, உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. மேலே தண்ணீர் குறைந்தால் உப்பு இன்னும் உள்ளே ஏறும், வயல் போகும், மேற்கே ஓடுகிற ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்புவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார்.

நாங்கள் ஐந்து பேரும் தட்டைப் பார்த்தோம். அது எங்கள் ஊர் நியாயம். மேற்கே ஓடிய பெரியாற்றை 1895-இல் அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பி, அந்தத் தண்ணீர் வைகையில் விழுந்து, பேரணையில் பிரிந்து மேலூர் வரை போய்த்தான் நாங்கள் சோறு தின்றோம். அதைக் கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15-க்குத் தேனிப் பக்கம் பொங்கல் வைக்கிறார்கள். இரண்டு வாரம் முன்புதான் மதினியின் பிறந்த வீட்டிலும் வைத்தார்கள். அந்தப் படம் அவர் போனில் இருந்தது. காட்டலாமா என்பது போல என்னைப் பார்த்தார். நான் கண்ணால் வேண்டாம் என்றேன்.

பெரியாறு வராவிட்டால் மதுரைச் சமவெளி என்ன ஆகியிருக்கும் என்பதற்கு, அதற்கு முந்தைய பஞ்சங்களைப் படித்தால் போதும். அந்தத் தண்ணீரை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் ஒரு ஆற்றின் கடைமடையில் உட்கார்ந்து, அதை இழக்கப்போகிறவர் வாயால் அந்தக் கதையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. டீச்சரக்கா கடைசியில் வாயைத் திறந்தார். “எங்க ஊர்லயும் அப்படி ஒரு ஆறு இருக்கு” என்று மட்டும் சொன்னார். பள்ளிக்காரர், அப்படியென்றால் உங்களுக்கு எங்கள் கஷ்டம் புரியும் என்றார். அந்த இடத்தில் நாங்கள் யாரும் திருத்தவில்லை.

*

நான்காம் நாள் படகைக் கவிழ்த்தோம். தானாகக் கவிழவில்லை, கவிழ்த்து நிமிர்த்துவது பாடம். நீச்சல் மதினிக்கும் எனக்கும்தான் ஒழுங்காகத் தெரியும். இருவரும் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் கற்றவர்கள். மற்றவர்களை லைஃப் ஜாக்கெட் காப்பாற்றும் என்று நர்ஸ் தங்கச்சி எல்லாருக்கும் தைரியம் சொல்லிவிட்டு, தானே முதலில் அலறினாள். பாய் தண்ணீரில் படுத்துக் கிடக்க, கவிழ்ந்த படகின் நடுப்பலகையில் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். உடம்பின் கனம்தான் நெம்புகோல். எங்களில் ஒல்லியான தங்கச்சியால் முடியவில்லை. மதினி ஏறி நின்றார். படகு ஒரு நொடி யோசித்தது. பிறகு மரமும் பாயும் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு எழுந்து நின்றன. நாற்பது வருஷமாக இந்த உடம்பைக் குறைக்கச் சொல்லி எல்லாரும் பேசியதற்கு இன்றைக்குத்தான் பதில் கிடைத்தது என்றார் மதினி.

அன்று ஜனவரி 30. நினைவிருப்பதற்குக் காரணம், அன்றைக்குத்தான் தில்னாவும் ரூபாவும் பாயிண்ட் நீமோவைக் கடந்தார்கள். பசிபிக்கில் எந்தக் கரையிலிருந்தும் மிகத் தொலைவான புள்ளி அது; மிக அருகிலுள்ள நிலமே ஏறக்குறைய 2,688 கிலோமீட்டர். அந்த இடத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பக்கத்து மனிதர்கள், தலைக்கு மேலே சுற்றும் விண்வெளி நிலையத்துக்காரர்கள்தானாம். நாங்கள் கரையிலிருந்து முப்பது அடியில், ஆளுக்கொரு மடக்கு உப்புத்தண்ணீர் குடித்துவிட்டுத் தத்தளித்துக்கொண்டிருந்த நேரம். மறுவாரம் மதுரையில் செய்தியைப் படித்தபோது இரண்டையும் சேர்த்து நினைத்து ரொம்ப நேரம் சிரித்தேன். மே மாதக் கடைசியில் அவர்கள் பத்திரமாக அதே துறைக்குத் திரும்பிய செய்தி வந்தபோது சிரிப்பு வரவில்லை, நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஐந்தாம் நாள் ஐந்து பேரும் முறை வைத்துத் தனித்தனியாகச் சுக்கான் பிடித்தோம். சான்றிதழ் கொடுத்தார்கள். டீச்சரக்கா பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அங்கேயே பேனா வாங்கித் திருத்திக்கொண்டார்.

*

பிப்ரவரி 11, தைப்பூசம், தெப்பத் திருவிழா. வருஷா வருஷம் பார்ப்பதுதான். மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்தில் எழுந்தருள, கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, மைய மண்டபத்தைச் சுற்றித் தெப்பம் வரும். பாய் இல்லை, துடுப்பு இல்லை, எஞ்சின் இல்லை. முழுக்க மனுஷன் கைதான். கூட்டத்தில் இடம் பிடித்து ஐந்து பேரும் கீழ்க்கரையில் நின்றோம். மதினி தேங்காய் பழத்தோடு வந்திருந்தார். டீச்சரக்காவின் நெற்றிப் புடைப்பு வற்றிவிட்டது. அந்த இடத்தில் குங்குமம்.

வடக்குப் பக்கம் வரும்போது தெப்பம் சட்டென்று கனத்தது. இழுப்பவர்கள் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தார்கள்; வடம் விறைத்து நின்றது. கூட்டம் ஓவென்று குரல் கொடுத்தது. தேவிபட்டினம் நடுவிரலை வாயில் நனைத்து மேலே உயர்த்தினாள். அதைப் பார்த்து நானும் உயர்த்தினேன். திரும்பிப் பார்த்தால் ஐந்து பேர் விரலும் மேலே இருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் நாங்கள் ஏதோ கும்பிடுகிறோம் என்று நினைத்து அவரும் கையைத் தூக்கினார்.

“வாடை” என்றாள் தேவிபட்டினம். “நேர் எதுக்க வருது. கொஞ்சம் அங்கிட்டு ஒதுக்கி இழுத்தா லேசா வருமே.”

“எங்கிட்டு?” என்றார் மதினி.

“பச்சைப் பக்கம்.”